பியூஸ் இல்லாத விளக்கு

காசிமின் லாரி சரிவில்தான் ராத்தங்கும். வேலை எங்கே முடிந்தாலும் சரி, அதைச் சயான் பாலத்துச் சரிவுக்கு ஓட்டிக்கொண்டுவந்து, முன்சக்கரங்களுக்கு இரண்டு கருங்கல்லை அண்டக் கொடுத்துவிட்டுத்தான் அவர் தாராவிக்குள் நடப்பார். காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். வேண்டாத சோற்றைப் பார்த்து நாக்கைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அதோடு சரி. பிறகு கல்லை உருவி, நாலு பேர் பின்னால் கை வைத்துத் தள்ளினால்தான் அது இருமிக் கனைத்து உயிர் பிடிக்கும்.

தள்ளுகிறவர்களில் நித்திய ஆள் பூதத்தான். மாட்டுங்காவுக்கு இட்லி கொண்டுபோகிறவர். அண்டாவை இறக்கி ஓரமாக வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டுவார்.

“என்ன மாமா, இன்னைக்கும் தக்கா ஸ்டார்ட்டுதானா? ஊர்ல உள்ளவன்லாம் பொண்டாட்டி முகத்துல முழிக்கான். நான் உங்க லாரி முதுகுல முழிக்கேன்.”

“தள்ளும்வே. புண்ணியம் கிடைக்கும்.”

“புண்ணியம் கிடக்கட்டும் மாமா, இட்லி ஆறுது.”

காசிம் சிரித்துவைப்பார். சிரிப்பு வாயோடு நின்றுவிடும். இந்த மழைக்காலத்துக்குள் வண்டிக்குப் பாசிங் வாங்கியாக வேண்டும். வடாலாவில் அதிகாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, விளக்கு, வைப்பர், இண்டிகேட்டர் எல்லாம் காட்டி, இது இன்னும் ரோட்டில் ஓடத் தகுந்த வண்டிதான் என்று முத்திரை வாங்க வேண்டும். தள்ளிவிட்டு ஓடுகிற வண்டியை அங்கே ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். முன்பு மில்களுக்குப் பஞ்சுப் பொதி ஏற்றிய வண்டி இது. ஸ்டிரைக்கில் மில் கதவுகள் மூடிய பிறகு ஜெயினுலாப்தீனின் தோல் கிடங்கு ஒன்றுதான் அதற்குச் சோறு போட்டது. தேவனார் அறுப்புக்கூடத்திலிருந்து பச்சைத் தோல் ஏற்றி வரும் வேலை. அவரும் சொல்லிவிட்டார்.

“காசிம், நீ என் ஊர்க்காரன். அதுக்காகப் போலீஸ்காரன் என் தோலை உரிக்கச் சம்மதிக்க முடியுமா? இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள பாசிங் வாங்கிட்டு வா. இல்லன்னா லோடு வேற வண்டிக்கு.”

வேறு வண்டிகள் இருந்தன. அந்தக் கிடங்கின் வாசலிலேயே புது லாரிகள் இரண்டு காத்து நின்றன. காசிமுக்குத்தான் வேறு கிடங்கு கிடையாது.

அவருக்குப் புரியாதது ஒன்றே ஒன்று. வண்டி எழுந்திருக்காத காலையிலும் கேபினுக்குள் அந்தப் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பேட்டரியில் உயிர் இல்லாமலா விளக்கு எரியும்?

அந்த விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓட்டுகிறவர் தலைக்கு மேலே, கண்ணாடியும் கூரையும் சேருகிற இடத்தில், நாகூர் மினாராக்களின் சின்னப் படம் ஒன்று ஒட்டியிருக்கும். அதன் அடியில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு பச்சை பல்பு. வண்டி ஓடினாலும் நின்றாலும் அது எரியும். காசிமின் மகன் கலீலுல்லா லாஞ்சில் ஏறுவதற்கு முந்தின நாள் தன் கையால் மாட்டியது. துபாய்க்குப் போகக் காகிதம் இல்லாதவர்களை ஏஜெண்டுகள் லாஞ்சில் ஏற்றிக் கடல்வழியே அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. “நான் திரும்பி வந்து என் கையாலதான் உம்மா இதை அணைப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த லாஞ்சு போய்ச் சேர்ந்தது என்றும் யாரும் சொல்லவில்லை, சேரவில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. ஆறு வருஷமாயிற்று.

அவன் போன முதல் மழையில் பியூஸ் போய் விளக்கு அணைந்திருந்தது. அன்று வியாழக்கிழமை. அந்தித் தொழுகையான மஃரிபு நேரத்தில் ஊதுபத்தியோடு வந்த காசிமின் மனைவி மெஹராஜ் கேபின் கதவைத் திறந்து, இருட்டைப் பார்த்து, அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அதன்பின் பல நாள் அவள் வாயில் பச்சைத் தண்ணீர்கூடக் கட்டாயத்தில்தான் இறங்கியது. காசிம் போய் நின்றது எலக்ட்ரீஷியன் பூலோகத்திடம்.

“அண்ணாச்சி, என்ன செய்வீயளோ தெரியாது. இது இனி அணையக் கூடாது.”

பூலோகம் நாங்குநேரிப் பக்கத்து ஆள். தொண்ணூறடி ரோட்டில் தகரக் கூரைக்குக் கீழே பட்டறை. பியூஸ் இல்லாமல் வயர் இழுத்தவனை அம்மா அப்பாவையெல்லாம் சேர்த்துத் திட்டுகிறவர். அவரே அன்றைக்குப் பியூஸைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிவைத்தார். குண்டு குழியில் குலுங்கி விளக்கு கண் சிமிட்டக் கூடாது என்று பேட்டரி முனையில் வயரை ஈயம் வைத்துப் பற்றவைத்தார். பேட்டரி மாற்றுகிற நாளிலும் ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். முதலில் இன்னொரு பேட்டரியைப் பக்கத்தில் கொண்டுவந்து விளக்குக்கு உயிர் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் பழையதை எடுப்பது. வேலை தொடங்குமுன் பூலோகம் அந்த விளக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அவரைப் பொறுத்தவரை அது வண்டியின் சாமான்களில் ஒன்று அல்ல. 'எல்லாத்தையும் அணைச்சாச்சு பாய்' என்று அவர் சொல்லும்போது அந்த விளக்கு கணக்கில் வராது. காசிமின் கணக்கிலும் வராது.

அந்த ஆடி மாதம் முழுக்க இரண்டு பேரும் வண்டியோடு மல்லுக்கட்டினார்கள். பழைய டைனமோ இஞ்சின் மெதுவாக ஓடினால் சார்ஜ் ஏற்றாது என்று அதைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்தார்கள். அதற்கு வாட்டமாக இரும்புப் பட்டை வெட்டி, பெல்ட் நேர் பார்த்துப் பொருத்துவதற்கே பூலோகத்துக்கு இடுப்பு போயிற்று. மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி மினுங்கிய முன்விளக்குகளுக்குப் பதிலாக ஹாலோஜன் வந்தது. கையால் ஆட்டிய வைப்பருக்கு மோட்டார் வந்தது. இண்டிகேட்டர் வந்தது. வண்டியைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைப் பிரித்துக் கார்பன் மாற்றினார்கள். துருவேறிய எர்த் பட்டையைச் சுரண்டிப் புதுசு போட்டார்கள்.

மறுநாள் காலை, 'டிக்'.

“மத்த வண்டியா இருந்தா ஒரு நிமிச வேலை பாய்,” என்றார் பூலோகம், முகத்தில் வழிந்த மழையைத் தோளில் துடைத்துக்கொண்டு. “எல்லாத்தையும் அணைச்சுப்போட்டு, பேட்டரி வயரக் கழத்தி முனையில லேசா ஒரசிப் பாக்கணும். பொறி பறந்துச்சுன்னா எங்கியோ கள்ளத்தனமா கரண்டு ஒழுகுதுன்னு அர்த்தம். இதுல கழத்தவே முடியாதுல்லா.”

“கழத்தாமப் பாருங்க அண்ணாச்சி.”

“கண்ணக் கட்டிட்டுப் பேன் பாக்கச் சொல்லுதீரு.”

பார்த்தார். ஒவ்வொரு வயராக விரலால் தடவிக்கொண்டே போனார். புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், கேபின் கூரையின் ரெக்சினை ஓரமாகக் கிழித்துக் கையை உள்ளே விட்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன அண்ணாச்சி?”

பூலோகம் கையை வெளியே எடுத்தார். காசிமின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். எல்லாம் அணைந்து கிடந்த வண்டியில் ஒரு வயர் மட்டும் இளஞ்சூடாக இருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையின் காலைத் தொட்ட மாதிரி.

“விளக்கு வயரு,” என்றார் பூலோகம். “இந்தச் சின்ன பல்புக்கு வயரு சுடாது பாய். மேல கூரை ஒழுகி, பலகை ஊறி, ஹோல்டர் துருப்பிடிச்சு, வயருத் தோலும் உரிஞ்சு கிடக்கு. கரண்டு பாடியில கசிஞ்சு போவுது. விளக்கு எரியுற அளவுக்கு மிச்சம் வச்சிட்டு, வண்டி எந்திரிக்கிற தெம்ப மட்டும் ராவோட ராவா குடிச்சிருது. இத்தன நாளும் நான் வயிறு வலிக்குன்னவனுக்கு காலத் தடவிட்டு இருந்திருக்கேன்.”

காசிம் பச்சை விளக்கைப் பார்த்தார். அது எப்போதும் போல எரிந்தது.

“ஒரு பீடி குடிக்கிற நேரம் போதும். ஹோல்டரோட புடுங்கிட்டு, புது வயரு இழுத்து, பியூஸ் வச்சு மாட்டிருதேன். ஆனா அந்த நேரம் இத அணைக்கணும். பியூஸ் வச்சா பின்னாலயும் எப்பவாவது அணையும். இப்படியே விட்டா பேட்டரி மட்டும் போவாது பாய். வண்டியே போயிரும்.”

“அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாறேன்.”

“கேட்டுட்டு வாரும். மைனி நேந்த விளக்கு. கேக்காமத் தொட மாட்டேன்.”

காசிம் வீட்டுக்குப் போனார். சந்து முழுக்க முழங்கால் தண்ணீர். மெஹராஜ் வாசலுக்குள் உட்கார்ந்து, தைத்து வந்த மணிபர்சுகளில் துருத்திக்கொண்டிருந்த நூலை வெட்டிக்கொண்டிருந்தாள். கூலி வேலை. நிமிர்ந்து பார்த்ததும் ஒரு பர்சைத் தனியாக எடுத்துக் காட்டினாள்.

“இந்தாங்க, இது நல்லாருக்கா? முதலாளி கழிச்சுப் போட்டது. ஓரந்தான் கோணல். கலீலுக்கு எடுத்து வச்சிருக்கேன். அங்கத்த நோட்டு வேற அளவுன்னாங்க. இதுல மடங்காமப் போவுமான்னு தெரியல.”

காசிம் பர்சை வாங்கித் திறந்தார், மூடினார். வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். ஆறு வருஷத்துக்கு முந்திய அந்த வியாழக்கிழமை, படிக்கட்டில் உட்கார்ந்திருந்த இவளுடைய முகம் முன்னால் வந்து நின்றது.

“என்ன, சாப்பிடற நேரத்துல வந்து இப்படி நிக்கிய? வண்டியில என்னன்னு அண்ணாச்சி கண்டுபிடிச்சாரா?”

“ம். பாத்துட்டு இருக்காரு.”

“விளக்குல எதும் கோளாறா?”

அவளே கேட்டுவிட்டாள். கத்திரியை மடியில் வைத்துவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் ஆமாம் என்று ஒரு சொல் போதும். மனுஷன் சொல்லவில்லை. என்ன செய்ய, அவருக்கு அவள் முகத்தைப் பார்த்துப் பயந்தே பழக்கம் ஆகியிருந்தது.

“சேச்சே. அது நல்லா எரியுது,” என்றார்.

மெஹராஜ் அந்தக் கோணல் பர்சை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தாள். பிறகு கத்திரியை எடுத்துக்கொண்டாள்.

திரும்பிப் போனபோது பூலோகம் புது வயரும் ஹோல்டரும் எடுத்து வைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

“என்ன சொன்னாவ?”

“வேண்டாம்னுட்டா அண்ணாச்சி.”

“பீடி குடிக்கிற நேரந்தான்னு சொன்னீரா?”

“சொன்னேன். ஒரு நொடிகூடக் கூடாதுங்கா.”

பூலோகம் வயரைச் சுருட்டினார். “அப்ப சரி,” என்றார். சரியில்லை என்பது அவர் சுருட்டிய விதத்திலேயே தெரிந்தது. உரிந்த இடத்தில் கைக்கு எட்டிய மட்டும் டேப்பைச் சுற்றினார். பட்டறையில் இருந்த பேட்டரிக்கு முழுசாகச் சார்ஜ் ஏற்றி, விளக்கு அணையாமல் பழைய முறைப்படியே மாற்றி வைத்தார். “நாளைக்குப் பாசிங் முடியட்டும். அப்புறம் நானே வந்து மைனி கால்ல விழுதேன்” என்றார்.

வியாழக்கிழமை காலை காசிம் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரே சுற்றில் கிளம்பிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் வந்த பூதத்தான் அப்படியே நின்றார்.

“மாமா, கிளம்பிருச்சே. இனி நான் யாரு முதுகுல போய் முழிக்க?”

காசிமுக்கு அன்று நிஜமாகவே சிரிப்பு வந்தது. அண்டாவிலிருந்து இரண்டு இட்லியை இலையில் வைத்து நீட்டினார் பூதத்தான். “பாசிங் ஆயிட்டு வந்து தாங்க” என்று சொல்லி, காசிமின் சட்டைப் பையைப் பார்க்காமலே நடையைக் கட்டினார்.

வடாலாவில் வண்டிகள் வரிசையாக நின்றன. மழை விடாமல் கொட்டியது. பூலோகமும் கூட வந்திருந்தார். முன்னால் நின்ற லாரியை அனுப்பிவிட்டு, குடை பிடித்த அதிகாரி இவர்கள் பக்கம் கையைக் காட்டினார். “லைட் லகாவ். வைப்பர் சாலு கரோ.”

காசிம் எல்லாவற்றையும் போட்டார். ஹாலோஜன் வெளிச்சம் மழையைக் கம்பி கம்பியாகக் காட்டியது. வைப்பர் இரண்டும் சேர்ந்து ஆடின. இண்டிகேட்டர் டக் டக்கென்று மின்னியது. அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே பின்பக்கம் பிரேக் விளக்குப் பார்க்கப் போனார். அந்த ஒரு நிமிஷம் இந்தக் கிழட்டு வண்டி கல்யாண வண்டி மாதிரி நின்றது.

பூலோகத்தின் மூக்குதான் முதலில் அறிந்தது.

“பாய், ரப்பர் கருகுது.”

நேற்று டேப் சுற்றிய இடத்தில் கூரையின் ரெக்சின் குமிழ் விட்டது. மினாராப் படத்தின் ஓரம் பழுப்பாகி, சுருண்டு, புகை இறங்கியது. பியூஸ் இருந்திருந்தால் அந்த நொடியிலேயே உருகி, விளக்கு அணைந்து, எல்லாம் அதோடு நின்றிருக்கும். செம்புக் கம்பி உருகவில்லை. அணையாமல் இருப்பதற்குத்தானே அதை வைத்தது.

பூலோகம் கீழே குதித்துப் பேட்டரிப் பெட்டியைத் திறந்தார். முனையை முறுக்கினார். அது வரவில்லை. அவர் கையாலேயே ஈயம் வைத்தது எப்படி வரும்?

“சுத்தியல்! பாய், உம்ம காலடியில கிடக்கு. எடுத்து வயர அடிச்சு அறும். நான் இந்தப் பக்கம் பிடிச்சுக்கிடுதேன்.”

காசிம் சுத்தியலோடு இறங்கினார். இறங்கும்போது ஒரு தடவை மேலே பார்த்தார். புகைக்குள் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முன்னைவிடப் பிரகாசமாக எரிந்தது என்றுகூட அவருக்குத் தோன்றியது. ஓங்கிய கை இறங்கவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. பூலோகம் அவர் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கி அடித்து வயரை அறுத்தபோது, கூரைக்குள் அடைத்திருந்த தேங்காய்நார் தீப்பிடித்திருந்தது. அதற்குப் பிறகு கரண்டு தேவைப்படவில்லை.

அக்கம்பக்கத்து லாரிக்காரர்கள் மண்ணை வாரி வீசினார்கள், ஈரச் சாக்கைப் போட்டார்கள். அவ்வளவு மழையும் கேபினுக்கு வெளியேதான் பெய்தது. டீசல் டாங்கியைக் காப்பாற்றினார்கள். கேபின் போயிற்று, இஞ்சின் மேல்பக்கம் போயிற்று, மாற்றி மாற்றிப் போட்ட புது வயர் எல்லாம் கரிப்புழுவாகத் தொங்கியது. குடை பிடித்த அதிகாரி அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

இன்னொரு லாரியில் சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு வந்தார்கள். எங்கே விட வேண்டும் என்று அந்த டிரைவர் கேட்டபோது, காசிம் யோசிக்காமல் சயான் பாலத்துச் சரிவைக் காட்டினார். தள்ளிக் கிளப்புவதற்கு இனி அதில் ஒன்றும் இல்லை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கருங்கல் இரண்டையும் எடுத்துச் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தார்.

மஃரிபு பாங்கு சொல்லி முடிந்த நேரத்தில் மெஹராஜ் வந்தாள். சேதி அவளுக்கு முன்னாலேயே போயிருந்தது. இருந்தாலும் வியாழக்கிழமைக்கு உரிய ஊதுபத்தி கையில் இருந்தது. கேபின் கதவு இருந்த இடத்தில் நின்று, உள்ளே கையை நீட்டி, கூரைக் கம்பியைத் தடவினாள். ஹோல்டர் கருகி ஒரு கட்டியாக ஒட்டியிருந்தது. அதை விரலால் சுற்றி வந்தாள். கையெல்லாம் கரி.

“இதுலருந்தா?”

பூலோகம் தலையைக் குனிந்துகொண்டார். அதுவே பதிலாயிற்று.

“நேத்தே கேட்டேன்லா, விளக்குல எதும் கோளாறான்னு.” அவள் குரலை உயர்த்தவில்லை. அரிசி தீர்ந்துபோயிற்று என்று சொல்கிற குரலில்தான் பேசினாள். “ஒரு வார்த்த சொல்லிருந்தா அணைங்கன்னு சொல்லிருப்பேன். அவன் வாறவன்னா விளக்கு இல்லன்னாலும் வருவான். வந்து ஓட்டுறதுக்கு வண்டி இருக்கணுமேன்னுதான் நான் துவா கேட்டுட்டு இருந்தேன். விளக்கையா ஓட்டப் போறான்?”

பூலோகம் தலையைத் திருப்பிக் காசிமைப் பார்த்தார். 'ஒரு நொடிகூடக் கூடாதுங்கா' என்று நேற்று இதே மனுஷர் வந்து சொன்னது அவர் முகத்தில் வந்துபோயிற்று. கேட்டுவிடுவார் என்று காசிம் நினைத்தார். கேட்டுவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தார். இரண்டு அறை அறைந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பூலோகம் மெஹராஜ் பக்கம் திரும்பினார்.

“பியூஸ எடுத்தவன் நான்தான் மைனி. பாய் மேல ஒண்ணும் இல்ல. தொழில் தெரிஞ்சவன் செய்யிற காரியமா அது.”

மெஹராஜ் அவரையும் பார்த்தாள், காசிமையும் பார்த்தாள். ஊதுபத்தியைக் கொளுத்தினாள். வழக்கமாகச் செருகுகிற இடுக்கு இப்போது இல்லை. வேறு இடம் தேடி, ஒன்றும் அகப்படாமல், அது எரிந்து முடிகிற மட்டும் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். சாம்பல் அவள் மணிக்கட்டில் விழுந்தது. பிறகு முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு, “சோறு ஆறிப்போவும், வாங்க” என்று சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கி நடந்தாள்.

காசிம் நகரவில்லை. பூலோகம் சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றார். பிறகு அவரும் போனார்.

காலையில் பூதத்தான் அண்டாவோடு வருவார். லாரியைப் பார்ப்பார். அவரிடம் என்ன சொல்வது என்று மட்டும்தான் அப்போது காசிமுக்கு யோசிக்க முடிந்தது. மெஹராஜிடம் சொல்ல வேண்டியதை யோசிக்கும் தைரியம் அவரிடம் இல்லை. குனிந்து, கருங்கல் இரண்டும் சரியாக அண்டியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்தார். அதில் ஒன்றும் கோளாறில்லை.